சபையில் ஒருவரிடம் அவருடைய பாவத்தைக் குறித்துப் பேசும் முறை

சபையில் ஒருவர் பாவத்தில் விழுந்திருக்கிறார் என்று தெரியவரும்போது பெரும்பாலான விசுவாசிகள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘நமக்கெதற்கு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒதுங்கிப் போகிறவர்கள் ஒரு சாரார்; ‘சத்தியத்தைச் சத்தியமாகச் சொல்ல வேண்டும்’ என்று பலர் முன்னிலையில் அவரை வெட்டிப் பேசுகிறவர்கள் மறு சாரார். இவ்விரண்டுக்கும் நடுவே பாதி உண்மையும் பாதி நயமுமாக ஒரு வழி இருக்கக்கூடும் என்று எண்ணி அதைத் தேடுகிறவர்களும் உண்டு. அநேகரைத் தடுமாறச் செய்வது அந்தத் தேடல்தான் என்று நினைக்கிறேன். எதைச் சொல்கிறோம் என்பதில் உண்மையைக் குறைக்க நமக்கு உரிமையில்லை. யாரிடம், எங்கே, எந்த நேரத்தில், எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதில் நயத்தைக் குறைக்கவும் உரிமையில்லை. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய இடங்கள் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

இங்கே சொல்லப்படுகிறவை போதகருக்கும் மூப்பருக்கும் மட்டும் உரியவை அல்ல. பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்கிறவருக்கும், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவருக்கும், எந்தப் பொறுப்பும் இல்லாத விசுவாசிக்கும் இந்தக் கடமை உண்டு. சொல்லப்போனால், பொறுப்பில் இல்லாதவர் நண்பராகச் சொல்லும் வார்த்தை, பொறுப்பில் இருப்பவர் அதிகாரத்தோடு சொல்லும் வார்த்தையைவிடப் பல வேளைகளில் ஆழமாய்ச் சென்று சேர்கிறது.

பாவந்தானா என்று முதலில் பாருங்கள்

பேசப் போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, நாம் கண்டது வேதம் பாவமென்று சொல்கிற காரியமா, அல்லது நமக்குப் பழக்கமில்லாத, பிடிக்காத காரியமா என்பதே. ரோமர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல், உணவையும் நாட்களையும் குறித்து விசுவாசிகளுக்குள் இருந்த வேறுபாடுகளைப் பாவமென்று தீர்க்காமல், அவனவன் தன் மனதிலே முழு நிச்சயத்தோடு நடந்துகொள்ளும்படி விட்டுவிடுகிறார். ஆனால் உடையும், இசையும், ஜெபிக்கும் விதமும், பொழுதுபோக்கும் சபைகளில் பாவங்களைப்போல விசாரிக்கப்படுகின்றன. பொய்க் கணக்கும், வீட்டில் மனைவியை அடிப்பதும், வேலையாளின் கூலியைப் பிடித்துவைப்பதும் கண்டும் காணாமலும் விடப்படுகின்றன. எந்த வசனத்தின்படி இது பாவம் என்று அந்த வசனத்தை வளைக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், பேசப் போகாமலிருப்பது நல்லது.

அடுத்து, எதிரில் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். 1 தெசலோனிக்கேயர் 5:14-இல் ஒரே மூச்சில் நான்கு கட்டளைகள் வருகின்றன: ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள். புத்திசொல்ல வேண்டியவரைத் தேற்றினால் அவர் தம் பாவத்தில் இளைப்பாறுவார். தேற்ற வேண்டியவருக்குப் புத்திசொன்னால் அவர் நொறுங்கிப்போவார். துணையை இழந்த துக்கத்தில் மூன்று மாதமாக ஆராதனைக்கு வராதவரையும், பெருமையினால் சபையை அலட்சியம் செய்கிறவரையும் ‘பின்வாங்கிப்போனவர்’ என்ற ஒரே பெயரால் அழைத்து ஒரே வார்த்தையால் கடிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. கி.பி. 590-இல் ரோமாபுரியின் ஆயரான மகா கிரகோரியார் இதை விரிவாகவே போதித்தார்: கூச்ச சுபாவமுள்ளவரையும் துணிந்து பாவஞ்செய்கிறவரையும், ஏழையையும் செல்வந்தரையும் ஒரே விதமாக எச்சரிக்கக் கூடாது என்பது அவருடைய அறிவுரை.

நோயையும், பிள்ளையில்லாமையையும், வேலையிழப்பையும் பார்த்து ‘ஏதோ பாவம் இருக்கிறது’ என்று ஊகிப்பதை முற்றிலும் விட்டுவிட வேண்டும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையிலே உட்கார்ந்து ஒன்றும் பேசாமலிருந்தபோது நல்ல சிநேகிதராயிருந்தார்கள்; வாயைத் திறந்து இல்லாத பாவத்தைத் தேடத் தொடங்கியபோதுதான் கெட்டது. பிறவிக்குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்ட கேள்விக்கு இயேசு இரண்டுமில்லை என்றே பதில் சொன்னார்.

உங்கள் உள்ளத்தைப் பாருங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்

தன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை உணராமல் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பைப் பார்க்கிறவனைப் பற்றி இயேசு சொன்னதை மேற்கோள் காட்டி, ‘ஆகவே யாரையும் ஒன்றும் சொல்லக் கூடாது’ என்று முடிப்பவர்கள் அந்தப் பகுதியின் கடைசி வாக்கியத்தைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதலில் உன் உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரனுடைய துரும்பை எடுக்க வகை பார்ப்பாய் என்றுதான் அது முடிகிறது. துரும்பு எடுக்கப்பட வேண்டியதே. கேள்வியெல்லாம் எடுக்கிற கண் தெளிவாயிருக்கிறதா என்பதுதான்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அவர் மனந்திரும்பிவிட்டார் என்று நாளைக்கே செய்தி வந்தால் உங்களுக்கு மகிழ்ச்சி உண்டாகுமா, அல்லது சொல்ல வைத்திருந்ததைச் சொல்ல முடியாமல் போனதே என்ற ஏமாற்றம் உண்டாகுமா? இரண்டாவதானால் கொஞ்சம் பொறுங்கள். அவருக்காகத் தனிமையில் ஜெபியுங்கள். கலாத்தியர் 6:1 குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணும்படி சொல்கையில், ‘நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

யாரிடம் சொல்வது

சபைகளில் பாவத்தைக் குறித்து நடக்கும் பேச்சில் மிகுதியான சேதம் கடுமையினால் வருவதில்லை, மென்மையினாலும் வருவதில்லை. உரியவரிடம் சொல்லாமல் மற்ற எல்லாரிடமும் சொல்வதனால் வருகிறது. மத்தேயு 18:15 இதில் இடம்வைக்காமல் பேசுகிறது: ‘நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து.’ முதல் படி தனிமை. அதற்கு முன்னே ஜெபக்குழு இல்லை, போதகரின் மனைவி இல்லை, ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று தொடங்கும் தொலைபேசி அழைப்பு இல்லை. இந்தப் பகுதி எங்கே அமைந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டுச் சிதறிப்போன ஒன்றைத் தேடுகிறவனுடைய உவமை. பின்னால் இருப்பது ஏழெழுபதுதரம் மன்னிக்கும்படி பேதுருவுக்குச் சொல்லப்பட்ட பதில். நடுவில் உள்ள ஒழுங்கு முழுவதும் அந்த இரண்டின் வெளிச்சத்தில்தான் வாசிக்கப்பட வேண்டும்.

இந்த ஒழுங்கை மீறுவதற்கு நாம் கண்டுபிடித்திருக்கும் மிகப் பக்தியான வழி ஜெப விண்ணப்பம். ‘அந்தக் குடும்பத்துக்காக ரொம்ப பாரப்பட்டு ஜெபியுங்கள், வெளியே சொல்ல முடியாத ஒரு காரியம்’ என்று ஒருவர் சொன்னவுடன் அங்கிருக்கும் பத்துப் பேரும் அந்தக் காரியம் என்னவென்று தேடத் தொடங்குகிறார்கள். ஜெபம் தேவையானால் ‘பாரமாயிருக்கிற ஒரு காரியத்துக்காக எனக்காக ஜெபியுங்கள்’ என்று உங்கள் பெயரில் கேட்டாலே போதும்.

நீங்கள்தான் போக வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அவரிடம் அன்பு காட்டின வரலாறு உங்களுக்கு இல்லையென்றால், அவருடைய வீட்டில் துக்கம் நேர்ந்தபோது நீங்கள் எட்டிப் பார்த்ததில்லையென்றால், உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை கண்டனமாயிருப்பதை அவரால் தாங்க முடியாது. நீங்கள் மட்டுமே அறிந்த காரியமானால் நீங்கள்தான் போக வேண்டும். அவருக்கு நெருங்கின ஒருவரும் அதை அறிந்திருந்தால் அவர் போவது நல்லது. வயதும் உறவுமுறையும் முக்கியம். முதிர்வயதுள்ளவனைத் தகப்பனைப்போலவும், இளைஞரைச் சகோதரரைப்போலவும், முதிர்வயதுள்ள பெண்களைத் தாய்களைப்போலவும், இளம்பெண்களை எல்லாக் கற்புடன் சகோதரிகளைப்போலவும் பாவித்துப் புத்திசொல்லும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். தம் தகப்பனிடம் எந்தக் குரலில் இதைச் சொல்வேன் என்று யோசித்துப் பார்த்த இளம் ஊழியர் மூப்பரிடம் தவறாகப் பேசமாட்டார். ஒரு சகோதரியிடம் அந்தரங்கமான காரியத்தைப் பேச வேண்டியிருந்தால் முதிர்ந்த சகோதரி ஒருவர் பேசுவது முறை.

பேசும் வேளை

ஆராதனை முடிந்து வாசலில் எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது ஓரமாக இழுத்துப் பேசாதீர்கள். திருவிருந்துக்குச் சற்று முன்னே போய் ஒருவருடைய மனதைக் கலக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள்: எழுத்தில் குரலின் கனிவு தெரியாது, அழுகிறவருடைய முகம் உங்களுக்குத் தெரியாது, அந்தச் செய்தி எத்தனை பேருக்குப் போய்ச்சேரும் என்பதும் உங்கள் கையில் இல்லை. அவருடைய மனைவியோ கணவரோ பிள்ளைகளோ காதில் விழும் தூரத்தில் இல்லாத இடமாக, அவர் எழுந்து போக விரும்பினால் போகக்கூடிய இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எப்படிப் பேசுவது என்பதை ஒரு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். சபையின் காணிக்கையை எண்ணும் இருவரில் மூத்தவர் வங்கியில் பணம் கட்டும் பொறுப்பிலும் இருக்கிறார். எண்ணி எழுதின தொகைக்கும் கட்டின தொகைக்கும் இரண்டு மாதமாக வித்தியாசம் இருப்பதை இளையவர் காண்கிறார். அநேகர் இந்த இடத்தில் சொல்லக்கூடியது, ‘அண்ணன், சில விஷயங்கள் காதில் விழுகிறது, கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள்’ என்பது. இது நயமான பேச்சுபோலத் தோன்றும். உண்மையில் இதைவிடக் கொடுமையான பேச்சு குறைவு. என்ன தெரிந்திருக்கிறது, யாருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது என்று தெரியாமல் அந்த மனிதர் அன்றிரவு தூங்கமாட்டார். குற்றமில்லாதவரானால் தம்மை விளக்கவும் அவருக்கு வழியில்லை. குற்றமுள்ளவரானால் எச்சரிக்கையடைந்து தடயத்தை மறைப்பார்.

அதற்குப் பதிலாக இளையவர் இப்படிச் சொல்லட்டும்: “அண்ணன், போன மாதமும் இந்த மாதமும் நாம் எண்ணி எழுதின தொகைக்கும் வங்கியில் கட்டின ரசீதுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டையும் நான் வைத்துப் பார்த்தேன். இதை வேறு யாரிடமும் பேசவில்லை. முதலில் உங்களிடம் கேட்கத்தான் வந்தேன். என்ன நடந்தது?”

இதில் கண்டது சொல்லப்படுகிறது, ஊகம் சொல்லப்படவில்லை. யாருக்குத் தெரியும் என்பது சொல்லப்படுகிறது. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. கேட்டவர் அந்தக் கேள்விக்குப்பின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மௌனம் நீண்டால் அதை நிரப்பாதீர்கள். ஒருவேளை எழுத்துப் பிழையாயிருக்கும். ஒருவேளை போதகர் அனுமதியோடு ஒரு மருத்துவச் செலவுக்கு உடனே கொடுத்த பணமாயிருக்கும். கேட்குமுன் உத்தரவு சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும் என்கிறது நீதிமொழிகள் 18:13.

அவர், “எடுத்தேன், தம்பி. வீட்டில் கஷ்டம். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாமென்று நினைத்தேன்” என்று சொன்னால், அடுத்து வரும் வாக்கியந்தான் மிகக் கடினமானது. ‘பரவாயில்லை அண்ணன், யாருக்குத்தான் கஷ்டமில்லை’ என்று இளையவரின் நாக்கு தானாகவே சொல்ல வரும். அதைச் சொல்லிவிட்டால் அந்த உரையாடல் அங்கேயே வீணாகிவிட்டது. “திரும்ப வைக்க நினைத்தீர்கள் என்பதை நம்புகிறேன். கஷ்டமிருந்ததை எங்களிடம் சொல்ல முடியாமல் போனதும் எனக்கு வருத்தமாயிருக்கிறது. ஆனாலும் கேட்காமல் எடுத்தது களவுதான், அண்ணன். இது சபையின் பணம். நம் இரண்டு பேருக்குள் முடித்துக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே போதகரிடம் சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் நானும் கூட வருகிறேன்.” களவு என்ற பெயர் மறைக்கப்படவில்லை, அவரே போய்ச் சொல்லும் மரியாதையும் பறிக்கப்படவில்லை. நாள் குறிக்கப்பட்டிருக்கிறது, தனியாக விடப்படவும் இல்லை. ‘கூட வருகிறேன்’ என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்க மனமில்லாதவர் இந்த உரையாடலைத் தொடங்காமலிருப்பது நல்லது.

பாவத்துக்கு வேதம் சூட்டியிருக்கும் பெயரையே பயன்படுத்துங்கள். அதைவிடக் கடுமையான பெயரையும் சேர்க்காதீர்கள். ஒரு பொய் சொன்னவரிடம் ‘நீங்கள் சொன்னது பொய்’ என்று சொல்லலாம். ‘நீங்கள் எப்போதுமே பொய்யர்’ என்பது உங்களுக்குத் தெரியாத காரியம். பழைய குற்றங்களை எடுத்துவந்து அடுக்காதீர்கள். பேசப்போகும் ஒரு காரியத்தைத் தவிர வேறொன்றும் அன்று பேச்சில் வரக் கூடாது. ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்ற வாக்கையும், கேட்குமுன் கொடுத்துவிடாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குரு அதை வெளியிடக் கூடாது என்று 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் சட்டமாக்கியது. அது அந்தத் திருவருட்சாதனத்துக்கு உரிய முத்திரை. நண்பராகக் கேட்கும் நமக்கு அந்தக் கட்டு இல்லை. ஒரு குழந்தையின் பாதுகாப்போ ஒருவருடைய உயிரோ சம்பந்தப்பட்டிருந்தால் நாம் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். “தேவையில்லாமல் யாரிடமும் சொல்லமாட்டேன், சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன்” என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

வேதத்தில் இந்தக் கலையின் உச்சம் 2 சாமுவேல் 12-இல் இருக்கிறது. பத்சேபாளை எடுத்துக்கொண்டு உரியாவைக் கொல்வித்த ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியின் கதையோடு போகிறார். தாவீதின் நியாய உணர்வு அவனுடைய பாவத்தையே எதிர்த்து எழும்பும்படி காத்திருக்கிறார். அது முழு நயம். பிறகு ‘நீயே அந்த மனுஷன்’ என்கிறார். அதில் ‘ஒருவேளை’ இல்லை, ‘மன்னிக்க வேண்டும் ராஜாவே’ என்ற முன்னுரை இல்லை. தாவீது பாவத்தை ஒத்துக்கொண்டவுடனே கர்த்தர் உன் பாவத்தை நீங்கச்செய்தார் என்றும் அதே வாய் சொல்கிறது. ஆனால் விளைவுகளையும் மறைக்கவில்லை. அநேக ஆண்டுகளுக்குப் பிறகு, தாவீது முதிர்ந்து படுக்கையில் இருக்கும்போது, அவன் அறைக்குள் வந்து ராஜ்யத்தின் காரியத்தைப் பேசுகிறவர்களில் அதே நாத்தான் இருக்கிறார். அவ்வளவு வெட்டவெளிச்சமாகச் சொன்ன பிறகும் உறவு அறுந்துபோகவில்லை.

பிரசங்க மேடையிலிருந்து

ஒருவரிடம் நேரில் சொல்லத் துணியாததைப் பெயர் சொல்லாமல் பிரசங்கத்தில் சொல்வது போதகர்களுக்கு வரும் பெரிய சோதனை. சபையில் பாதிப் பேருக்கு அது யாரைக் குறித்தது என்று தெரிந்துவிடுகிறது. அந்த மனிதருக்கோ பதில் சொல்ல இடமில்லை. அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராமல் போனால், ‘சத்தியம் சுட்டுவிட்டது’ என்று சொல்லிக்கொள்கிறோம். சுட்டது சத்தியமாக இருக்காது. தனியே வந்து பேசக்கூட என்னை மதிக்கவில்லையே என்ற அவமானமாக இருக்கும். ஒருவரைக் குறித்த காரியம் உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் அந்தப் பாவத்தைக் குறித்துப் பிரசங்கிக்காதீர்கள். முதலில் அவரிடம் போங்கள். ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட வேதபாட வரிசையில் அந்தப் பகுதியே வந்து நின்றால், அவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்: “ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதி வருகிறது, உங்களைக் குத்திப் பேசுவதற்காக நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.”

அதற்காகப் பாவத்தைக் குறித்துப் பிரசங்கிக்காமல் இருக்கலாகாது. ஆசீர்வாதத்தையே வாராவாரம் கேட்கும் சபை, மன்னிப்பு எதற்கென்று தெரியாத சபையாகிவிடும். ஆனால் பட்டியல் முழுமையாயிருக்க வேண்டும். இளைஞரின் இச்சையைக் கண்டிக்கிற மேடை, காணிக்கை அதிகம் கொடுக்கிறவர்களின் பேராசையையும், மூப்பர்களின் பதவி ஆசையையும், எல்லாருடைய புறங்கூறுதலையும் அதே குரலில் கண்டிக்க வேண்டும். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனை நல்ல இடத்தில் உட்காரவைத்து ஏழையை நிற்கவைக்கிற சபையை யாக்கோபு கண்டித்தது ஆசனத்தைப் பற்றி மட்டுமல்ல. கண்டிப்பிலும் பட்சபாதம் உண்டு. பிரசங்கிக்கிறவர் ‘நீங்கள்’ என்பதோடு ‘நாம்’ என்பதையும் மனப்பூர்வமாகச் சொல்லக்கூடியவராயிருந்தால், சபை அந்தக் கண்டிப்பைச் சுமந்துகொள்ளும்.

சிறு குழுக்களில் இதற்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1738-இல் தம் சிறு குழுக்களுக்கு எழுதின விதிகளில், சேர வருகிறவரிடம், ‘உம்முடைய குற்றங்கள் உமக்குச் சொல்லப்பட வேண்டுமென்று விரும்புகிறீரா?’ என்ற கருத்தில் கேள்வி கேட்கப்பட்டது. சொல்வதற்கான அனுமதியைப் பாவம் நேருமுன்னே, சமாதானமான நாளில் பெற்றுக்கொள்வது எவ்வளவு ஞானம்! இருவரோ மூவரோ நண்பர்களாக இன்றைக்கே இதை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளலாம். பிறகு ஒரு நாள் அது தேவைப்படும்போது, பாதி வேலை முடிந்திருக்கும்.

தனிமையில் முடிக்கக் கூடாத பாவங்கள்

இவ்வளவு நேரம் சொன்ன தனிமை, பொறுமை, மரியாதை எல்லாம் ஒரு வகைக் காரியங்களுக்குப் பொருந்தாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தையைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துதல், பெண்களிடம் அத்துமீறுதல், வீட்டில் அடித்தல் போன்றவை பாவம் மட்டுமல்ல, குற்றம். பாதிக்கப்பட்டவரிடம் மத்தேயு 18-ஐ எடுத்துக் காட்டி, ‘முதலில் நீ தனியாகப் போய் அவரிடம் பேசு’ என்று சொல்வது வேதத்தை ஆயுதமாக்கி அவரையே மறுபடியும் காயப்படுத்துவதாகும். முதலில் பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பு. உடனே காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கோ அறிவித்தல். அதன்பின் சபையின் விசாரணை. ‘சபையின் பெயர் கெட்டுப்போகும்’ என்பது இங்கே நயம் அல்ல, மூடிமறைத்தல். குற்றம் செய்தவர் அழுது மனந்திரும்பினதாகச் சொன்னாலும் இந்த வரிசை மாறக் கூடாது.

தலைவர்களின் பாவமும் வேறு ஒழுங்கில் வருகிறது. மூப்பனுக்கு விரோதமான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று 1 தீமோத்தேயு 5 அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. பாவம் நிரூபணமானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவும் சொல்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிற சபை வதந்திக்கு இரையாகும், அல்லது கொடுங்கோலனுக்கு இரையாகும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினபோது பவுல் எல்லாருக்கும் முன்பாகவே அவரைக் கேட்டார். ஏனென்றால் அந்தச் செய்கை எல்லாருக்கும் முன்பாக நடந்து, பர்னபாவையும் இழுத்துக்கொண்டு போயிற்று. பாவம் எவ்வளவு தூரம் அறியப்பட்டிருக்கிறதோ, கண்டிப்பும் அவ்வளவு தூரமே போக வேண்டும் என்பது நல்ல அளவுகோல்.

கேளாமற்போனால்

முதல் முறை கோபப்பட்டு எழுந்து போனவர் கேளாமற்போனவர் ஆகிவிடமாட்டார். சொன்னது உள்ளே இறங்க நாளாகும். சில நாட்கள் விட்டு, வேறு காரியமாகப் போய்ப் பாருங்கள். அன்பு மாறவில்லை என்பதை அவர் கண்ணால் காணட்டும். பிறகு மறுபடியும் அதே காரியத்தைக் கேளுங்கள். அப்போதும் மறுத்தால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் உங்கள் பக்கம் பேச வருகிறவர்கள் அல்ல. இருவர் சொல்வதையும் கேட்டு, நீங்கள் தவறாயிருந்தால் உங்களையும் திருத்தக்கூடியவர்களாயிருக்க வேண்டும். இரண்டு மூன்று சாட்சிகள் என்ற விதி உபாகமத்திலிருந்து வருவது; ஒரே ஒருவருடைய வார்த்தையால் யாரும் அழிக்கப்படாதபடி காக்கிற விதி அது.

அதற்குப்பின் சபைக்குத் தெரிவிக்கும் கட்டம். சபை ஒழுங்கு உண்மையான திருச்சபையின் அடையாளங்களில் ஒன்றென்று 1561-ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கை சொல்லும் அளவுக்குச் சீர்திருத்தச் சபைகள் இதை மதித்தன. அறிவிக்கும்போது பாவத்தின் பெயர் போதும், விவரம் வேண்டாம். ‘நம் சகோதரர் இன்ன பாவத்தில் நிலைத்திருக்கிறார், பலமுறை வேண்டிக்கொண்டும் திரும்பவில்லை, ஆகவே திருவிருந்திலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறார், அவர் திரும்பும்படி ஜெபியுங்கள்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூடினாலும் அது கேட்கிறவர்களின் ஆவலுக்குத் தீனி போடுவதாகிவிடும். அவருடைய குடும்பத்தாரை அதற்கு முன்பே யாராவது போய்ப் பார்த்து, அவர்களுக்கு இந்தச் செய்தி சபையில் முதன்முறையாகக் காதில் விழாதபடி செய்ய வேண்டும். பாவம் செய்யாத அவருடைய பிள்ளைகள் அடுத்த வாரமும் ஓய்வுநாள் பள்ளிக்கு வருவார்கள். அவர்களை யார் வாசலில் வரவேற்பது என்பதையும் அன்றே தீர்மானித்துவிடுங்கள்.

மனந்திரும்பினால்

மனந்திரும்புதலை எதை வைத்து அறிவது? கண்ணீரை வைத்து அல்ல. சவுலும் தாவீதும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: நான் பாவஞ்செய்தேன். ஆனால் சவுல் அதோடு, ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலைக் கேட்டுக்கொண்டான். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளுவதே முதல் கவலையாயிருந்தால் இன்னும் பொறுத்துப் பார்க்க வேண்டும். வரி வசூலித்த சகேயுவோ, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். உண்மையான மனந்திரும்புதல் ஈடுசெய்யத் தேடுகிறது. காணிக்கை எடுத்துக்காட்டில் கண்ட மூத்தவர் தொகையைத் தாமே கணக்கிட்டுக் கொண்டுவந்தால், பொறுப்பை விட்டு விலகத் தாமே முன்வந்தால், அது நல்ல அடையாளம்.

கொரிந்து சபை கண்டித்து ஒதுக்கின ஒருவனைக் குறித்துப் பவுல் இரண்டாம் நிருபத்தில், அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல்செய்யுங்கள் என்று எழுத வேண்டியிருந்தது. கண்டிக்கத் தயங்கின சபைகளைப்போலவே, கண்டித்தபின் நிறுத்தத் தெரியாத சபைகளும் உண்டு. கண்டிப்பை எவ்வளவு தூரம் சபை அறியச் சொன்னீர்களோ, அதே அளவுக்கு மன்னிப்பும் அறியப்பட வேண்டும். பாவத்தை எல்லாருக்கும் சொல்லிவிட்டு மன்னிப்பை அவரிடம் மட்டும் சொல்வது அநியாயம்.

மன்னிப்பும் பொறுப்பும் ஒன்றல்ல என்பதையும் அவரிடம் அன்றைக்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பணத்தில் விழுந்தவருக்குச் சபையின் பணப்பொறுப்பு மறுபடியும் கொடுக்கப்படாமலிருக்கலாம். பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர் ஒருக்காலும் பிள்ளைகள் ஊழியத்தில் சேர்க்கப்படலாகாது. அதை ‘பிறகு பார்ப்போம்’ என்று இழுத்துக்கொண்டு போனால் அவர் மாதக்கணக்கில் வீண் நம்பிக்கையோடு காத்திருப்பார். வேறு என்ன வேலை செய்யலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்: நாற்காலி அடுக்கும் வேலையோ, நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களோடு கூடப் போகும் வேலையோ, ஏதாவது ஒன்று அந்த வாரத்திலேயே அவர் கையில் இருக்கட்டும். முதலில் அவரிடம் போய்ப் பேசினவரே மறுபடியும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். இந்த முறை பாவத்தைக் குறித்து ஒன்றும் பேசாமல், சாப்பிட்டுவிட்டு வரவேண்டும்.